ஒரு பறங்கிக்காய், இருபத்திரண்டு பிள்ளைகள்: தொடக்கப்பள்ளி வகுப்பில் ஹாலோவீன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். செப்டம்பர் கடைசியில் மரங்கள் நிறம் மாறத் தொடங்கியதுமே தமிழ்த் தோழிகளிடமிருந்து கேள்விகள் வந்து குவியும். வகுப்புக்கு உதவுவதாகப் பெயர் கொடுத்துவிட்டு விழிக்கிற பெற்றோர், இந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்த உதவி ஆசிரியைகள், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் என்று பலர். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஐம்பது செயல்பாடுகளை அடுக்குகிற எண்ணம் எனக்கு இல்லை. ஐம்பதையும் செய்து பார்த்து நாற்பதைக் கைவிட்டவள் நான்.

ஹாலோவீன் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளுக்கு எவ்வளவு சொன்னால் போதும்?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துக் கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் கொண்டாடிய சாவின் என்ற பழைய விழா இதன் ஒரு வேர். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் நாள். அதற்கு முந்தைய மாலை என்பதே ஹாலோவீன் என்ற பெயரின் பொருள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு இங்கே பறங்கிக்காய் கிடைத்தது. டர்னிப்பைவிடப் பெரியது, குடைவதும் எளிது. கிழங்கை மறந்துவிட்டார்கள்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கிழங்குக் கதை மட்டும் போதும். முடிந்தால் ஒரு டர்னிப் வாங்கி வந்து பறங்கிக்காய்க்குப் பக்கத்தில் வையுங்கள். “இதைக் குடைந்தார்களா!” என்று அவர்கள் வாய் பிளப்பதே பாதிப் பாடம்.

எங்கள் பள்ளியில் ஹாலோவீன் என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?

பயன்படுத்தாதீர்கள். பல பள்ளிகள் இப்போது ‘இலையுதிர்கால விழா’, ‘அறுவடை விழா’ என்றுதான் சொல்கின்றன. யெகோவாவின் சாட்சிகள், சில கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் ஹாலோவீன் கொண்டாடுவதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளையை அந்த ஒரு மணி நேரம் நூலகத்தில் உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. பறங்கிக்காய், வௌவால், சிலந்தி, எலும்பு ஆகிய நான்கும் சுத்தமான அறிவியல். பேயும் சூனியக்காரியும் இல்லாமலே ஒரு வாரம் ஓட்டலாம், யாரும் வெளியே போக வேண்டியதில்லை. எதற்கும் அக்டோபர் முதல் வாரத்திலேயே பள்ளி அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுவிடுங்கள். பெற்றோருக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

நேரமே இல்லை. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வீர்கள்?

ஒரு பறங்கிக்காய் வாங்குவேன். ஒன்றே ஒன்று. அதைத் திங்கட்கிழமை மேசைமேல் வைத்துவிட்டு புதன்கிழமை வரை வெட்டாமல் வைத்திருப்பேன்.

திங்கள் நூல் நாள். ஆளுக்கொரு கம்பளி நூல் கொடுத்து, காயைத் தொடாமல் பார்வையாலேயே அதன் சுற்றளவுக்கு நூலை வெட்டச் சொல்லுங்கள். வட்டத்தின் சுற்றளவு அதன் குறுக்களவைப் போல மூன்று மடங்கைவிடச் சற்று அதிகம் என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. அதனால் பல நூல்கள் காயின் சுற்றளவோடு பொருந்தாமல் போகும். போதாதவை, கூடியவை, சரியாக வந்தவை என்று மூன்று வரிசையாகச் சுவரில் ஒட்டினால் அதுவே ஒரு வரைபடம். பிறகு அதே நூலை அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் அளக்கச் சொல்லுங்கள். ஒரே நூலுக்கு ஏன் இரண்டு எண்கள் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இரண்டாம் வகுப்பு அளவைப் பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான்.

செவ்வாய் எடை. குளியலறை எடை இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, காயைத் தூக்கிக்கொண்டு நான் ஏறுவேன். பிறகு காய் இல்லாமல் ஏறுவேன். கழித்தல் அவர்கள் வேலை. ஆசிரியையின் எடை தெரிந்துவிட்ட குதூகலத்தில் மூன்றிலக்கக் கழித்தலைக் கேட்காமலே செய்வார்கள். பிள்ளைகளை மட்டும் ஏற்றாதீர்கள். ஒருவன் எடையை இன்னொருவன் சொல்லிச் சிரிக்கும் வாய்ப்பை நாமே உண்டாக்கக் கூடாது. அன்றைக்கே 2023-இல் கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் மின்னசோட்டாவைச் சேர்ந்த ட்ராவிஸ் ஜீங்கர் கொண்டுவந்த காயைப் பற்றிச் சொல்லுங்கள். 2,749 பவுண்டு, அதாவது 1,247 கிலோ. அப்போதைய உலகச் சாதனை. நம் மேசையில் இருப்பதைப்போல எத்தனை காய்களை அடுக்கினால் அது வரும் என்பது மூன்றாம், நான்காம் வகுப்புக்கான கணக்கு.

புதன் தண்ணீர்த் தொட்டி. மிதக்குமா, மூழ்குமா? கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். கனமானது மூழ்கும் என்று ஏறக்குறைய வகுப்பு முழுவதும் நம்பும். காய் தொப்பென்று விழுந்து தலையைத் தூக்கிக்கொண்டு மிதக்கும்போது எழும் கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்ப்பார். முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். ஏன் மிதந்தது என்ற கேள்விக்கு அன்று பதில் சொல்லாதீர்கள். மறுநாள் மூடியைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் காலி இடத்தை அவர்களே பார்ப்பார்கள்.

வியாழன் வரைதல், எழுதுதல். வெள்ளி விதை எண்ணுதல். இரண்டையும் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிள்ளைகள் கத்தியைத் தொடலாமா?

கூடாது. புதன் மாலை காயை வீட்டுக்கு எடுத்துப்போய் மூடியை வெட்டி, திரும்பப் பொருத்திக் கொண்டுபோங்கள். முகம் வேண்டுமென்றால் வண்ணப் பேனாவால் வரையட்டும்.

விதை எண்ணுவது சலிப்பான வேலை இல்லையா?

அள்ளிப்போட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணவிட்டால் சலிப்புதான். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் வெளியே தெரியும் வரிகளை எண்ணி, ஆளுக்கொரு மதிப்பீடு எழுத வேண்டும். வரி அதிகமென்றால் விதையும் அதிகமா என்பதைப் பக்கத்து வகுப்புக் காயோடு ஒப்பிட்டு அவர்களே முடிவு செய்யட்டும். பிறகு நான்கு பேருக்கு ஒரு தட்டு சதைக்குழம்பு. கையை விட மறுக்கும் பிள்ளை கட்டாயம் இருக்கும். அதற்கு ஒரு கரண்டி. பச்சைப் பறங்கிச் சதை பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும் என்பதால் கையுறையும் எடுத்து வைக்கிறேன். எடுத்த விதைகளைப் பத்துப் பத்தாக மஃபின் காகிதக் கிண்ணங்களில் போட வேண்டும். பத்துக் கிண்ணம் சேர்ந்தால் ஒரு பெரிய தட்டு. தட்டு நூறு, கிண்ணம் பத்து, மேசைமேல் மிஞ்சிக் கிடப்பது ஒன்று. பலகையில் ஆண்டு முழுவதும் வரைந்து காட்டும் இடமதிப்பு இங்கே வழுவழுப்பாக, வாடையோடு, கையில் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

ஓர் ஆண்டு ஒரு குழு 96 என்றது, அடுத்த குழு 131 என்றது. எல்லாவற்றையும் சேர்த்தால் 486. எங்கள் வகுப்பில் அதிகம் பேசாத சிறுமி ஒருத்தி எழுந்து வந்து, மூன்றாவது தட்டின் ஓரத்திலிருந்த கிண்ணத்தை ஒரு விரலால் நகர்த்திக் காட்டினாள். அதில் பதினொன்று இருந்தது. ஒரு விதை இன்னொன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. 486-ஐ அழித்து 487 என்று அவளையே எழுதச் சொன்னேன். அதன்பிறகு மற்றவர்களும் தங்கள் கிண்ணங்களைத் திரும்ப எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மதிய உணவு பத்து நிமிடம் தள்ளிப்போனது.

விதைகளைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். எண்ணெயும் உப்பும் பிசிறி வறுத்தால் முறுக்கைப்போலக் கொறிக்கலாம். வீட்டில் செய்த பண்டத்தைப் பள்ளிக்குள் அனுமதிக்காத இடங்கள் நிறைய என்பதால் வறுக்கும் வேலை வீட்டோடு இருக்கட்டும்.

வெட்டிய காயைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

போடாதீர்கள், அழுக விடுங்கள். உள்ளே பார்க்க முடிகிற பிளாஸ்டிக் பெட்டியில் கொஞ்சம் மண், அதன்மேல் காய். மூடியை ஒட்டுநாடாவால் சுற்றி ஒட்டிவிடுங்கள். இது முக்கியம், பூஞ்சைத் தூள் சில பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறலைக் கிளப்பும். வாரம் ஒருமுறை படம் வரைந்து தேதி போட வேண்டும். முதலில் வெள்ளைப் பஞ்சு, பிறகு சாம்பல், கறுப்புப் புள்ளிகள், ஒரு நாள் காலையில் கன்னம் உள்வாங்கிக் கிழவி முகம். பூஞ்சையும் பாக்டீரியாவும் செய்கிற வேலை இது என்று ஐந்தாம் வகுப்பில் படிக்கப்போவதை இரண்டாம் வகுப்பிலேயே கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் பெட்டியைத் திறக்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள். நான் ஒருமுறை திறந்தேன். அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

எலும்புக்கூடு பிள்ளைகளைப் பயமுறுத்தாதா?

தன் கைக்குள் இருக்கும் எலும்புக்கு எந்தப் பிள்ளையும் பயந்து நான் பார்த்ததில்லை. கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் கையை வரையச் சொல்லுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சிகளை அளவாக வெட்டி உள்ளங்கைக்கு ஐந்து, கட்டைவிரலுக்கு இரண்டு, மற்ற நான்கு விரல்களுக்கும் மும்மூன்று ஒட்ட வேண்டும். மொத்தம் 19 துண்டுகள். மணிக்கட்டுக்கு எட்டு வெள்ளை மொச்சை. ஆக 27. ஒரு கையில் இருப்பது அவ்வளவுதான். எக்ஸ்ரே படம் எடுத்தாற்போல வந்து நிற்கும்.

ஒட்டுவதற்கு முன்னால் தங்கள் விரலைத் தாங்களே அழுத்திப் பார்த்து, எங்கே மடங்குகிறது, அங்கே எத்தனை எலும்பு என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். கட்டைவிரலில் இரண்டுதான் என்று முதலில் கண்டுபிடிப்பவனின் குரலைக் கேட்க வேண்டும். அடுத்து ஒரு கணக்கு: கைகள் இரண்டிலும் 54, ஒரு பாதத்தில் 26 என்றால் இரண்டிலும் 52. கூட்டினால் 106. வளர்ந்தவர் உடலில் மொத்தமே 206 எலும்புகள். பாதிக்கு மேல் கையிலும் காலிலும்! பிறந்த குழந்தைக்குச் சுமார் 300 இருக்கும், வளர வளரச் சில ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். “அப்படியானால் என் தங்கைக்கு என்னைவிட அதிகமா?” என்று ஒரு அண்ணன் வருத்தப்படுவான்.

வௌவால், சிலந்தி பற்றி என்ன செய்யலாம்?

அக்டோபர் 24 முதல் 31 வரை வௌவால் வாரம் என்று உலகின் பல இடங்களில் கடைப்பிடிக்கிறார்கள். ஹாலோவீன் என்று சொல்லக் கூடாத பள்ளிகளுக்கு இது கடவுள் கொடுத்த சாக்கு.

உண்மையாகப் பறக்கும் பாலூட்டி வௌவால் ஒன்றுதான். 1,400-க்கு மேற்பட்ட இனங்கள். அவற்றில் இரத்தம் குடிப்பவை மூன்றே மூன்று, அவையும் லத்தீன் அமெரிக்காவில் வாழ்பவை. தாய்லாந்துப் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு கிராம் எடையுள்ள வௌவால் இருக்கிறது. அமெரிக்கச் செப்பு நிற ஒரு சென்ட் நாணயம் இரண்டரை கிராம். நாணயத்தை உள்ளங்கையில் வைத்து, இதைவிட லேசான விலங்கு என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். மறுபக்கம் பழந்தின்னி வௌவால்களில் பெரியவற்றுக்குச் சிறகு விரித்தால் ஐந்தடி வரை வரும். தரையில் ஐந்தடிக்கு நாடா ஒட்டி, பிள்ளைகள் கையை விரித்துப் படுத்து ஒப்பிடட்டும்.

டெக்சஸில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆஸ்டின் நகரின் காங்கிரஸ் அவென்யூ பாலத்தடியில் கோடைக்காலத்தில் சுமார் 15 லட்சம் வௌவால்கள் தங்குகின்றன. சான் அன்டோனியோவுக்கு அருகே பிராக்கன் குகையில் ஒன்றரைக் கோடிக்கும் மேல். மற்றவர்கள் காணொளி காட்டிக்கொள்ள வேண்டியதுதான். தமிழ்ப் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால், மரத்தில் தங்கும் பழந்தின்னி வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருப்பதை அந்தப் பிள்ளையை விட்டே சொல்லச் செய்யுங்கள்.

விளையாட்டு ஒன்று: எல்லாரும் வட்டமாக நிற்க, நடுவில் கண்கட்டிய ஒரு பிள்ளை வௌவால், இன்னும் மூன்று பேர் விட்டில்பூச்சி. வௌவால் ஒருமுறை கைதட்டினால் பூச்சிகள் உடனே கைதட்டிப் பதில் தர வேண்டும். எதிரொலியை வைத்து இரை தேடுவது எப்படி என்பதை விளக்க வேண்டிய தேவையே வராது.

சிலந்திக்கு எட்டுக் கால். மூன்றாம் வகுப்பு எட்டாம் வாய்ப்பாடு. அவ்வளவுதான்.

மிட்டாயை வைத்துப் பாடம் நடத்தலாமா?

நடத்தலாம், தின்னாமல். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என்று மூன்று நிறத்தில் வருகிற கேண்டி கார்ன் மிட்டாயை நான்கு கிண்ணங்களில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் வெதுவெதுப்பான நீர், ஒன்றில் வினிகர், கடைசியில் சமையல் எண்ணெய். எது முதலில் கரையும் என்று எழுதிவிட்டு, இரண்டு நிமிடத்துக்கொருமுறை பார்க்க வேண்டும். புளிப்பான வினிகர்தான் ‘அரித்துத் தின்னும்’ என்று பந்தயம் கட்டுவார்கள். வெதுவெதுப்பான நீர் ஜெயிக்கும். எண்ணெயில் மிட்டாய் போட்டது போட்டபடி கிடக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு திரவம், ஒரே அளவு மிட்டாய் என்பதைப் பிள்ளைகளையே கண்காணிக்கச் சொல்லுங்கள். நியாயமான சோதனை என்றால் என்ன என்பதை அங்கேதான் கற்கிறார்கள்.

இன்னொன்று, ஸ்கிட்டில்ஸ் போன்ற வண்ண மிட்டாய்களை வெள்ளைத் தட்டின் ஓரத்தில் வட்டமாக அடுக்கி நடுவில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுவது. நிறங்கள் கலக்காமல் கோடுகோடாக நடுவை நோக்கி ஓடும். பார்க்க அழகு, இரண்டே நிமிடம்.

நவம்பர் 1 அன்று எந்த மிட்டாய் எத்தனை கிடைத்தது என்று பட்டை வரைபடம் போடுவது எல்லா வகுப்பிலும் நடக்கும். வெற்று உறைகளைக் கொண்டுவரச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் உறையும் வேண்டாம், பெயரையும் எண்ணிக்கையையும் தாளில் எழுதி வந்தால் போதும். ‘டிரிக் ஆர் ட்ரீட்’ என்று வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எண்ணும் பொறுப்பைக் கொடுங்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் நம்மவர்கள் எதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்?

எள்ளை. பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா என்ற எட்டோடு, 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் அமெரிக்கச் சட்டப்படி உணவு உறையில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள். ஆசையாகச் செய்து அனுப்பும் எள்ளுருண்டையும் கடலை மிட்டாயும் வகுப்பு வாசலிலேயே திரும்பிவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பென்சில், ஒட்டுப்படம், விளையாட்டு மோதிரம் அனுப்புங்கள். வாசலில் நீலப்பச்சை நிறப் பறங்கிக்காய் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தின்பண்டம் அல்லாத பரிசும் இங்கே உண்டு என்பதற்கான அடையாளம் அது. 2014-இல் நாடு முழுவதும் பரவத் தொடங்கியது.

ஒருபோதும் சொதப்பாத அறிவியல் சோதனை எது?

பலூன் பேய். வெள்ளைப் பலூனில் கறுப்பு மையால் கண்ணும் வாயும் வரையுங்கள். புனல் வைத்து அதற்குள் இரண்டு தேக்கரண்டி ஆப்பச் சோடா. அரை லிட்டர்த் தண்ணீர்ப் புட்டியில் கால்வாசிக்கு வினிகர். பலூன் வாயைப் புட்டியின் வாயில் மாட்டிவிட்டு, பலூனைத் தூக்கிச் சோடாவை உள்ளே கொட்டுங்கள். நுரைத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். பேய் எழுந்து உட்காரும். இதற்கும் ஒரு முன்னெச்சரிக்கை உண்டு: ரப்பர் பலூன் ஒவ்வாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பள்ளிச் செவிலியரிடம் கேட்டுவிடுங்கள்.

சொதப்புவது எது என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கப் சோளமாவுக்கு (கார்ன் ஸ்டார்ச்) ஒரு கப் தண்ணீர் கலந்தால், அடித்தால் கல்லாகவும் விட்டால் கூழாகவும் இருக்கும் ஒரு கலவை வரும். அருமையான பொருள். என் முதல் ஆண்டில் பச்சை நிறம் கலந்து, ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்து, முடிந்ததும் இருபத்திரண்டு கிண்ணத்தையும் வகுப்புத் தொட்டியில் கழுவினேன். மாவு குழாயின் வளைவில் போய்க் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. துப்புரவுப் பணியாளர் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சொல்லும் இல்லை. இப்போது குழுவுக்கு ஒரு தட்டம்தான். மிச்சம் குப்பைக் கூடைக்கு.

எழுத்துப் பயிற்சிக்கு என்ன கொடுப்பது? “எனக்குப் பிடித்த ஹாலோவீன்” அலுத்துவிட்டது.

அலுத்துப்போனது நியாயம்தான். வியாழக்கிழமை என்று மேலே விட்டதை இங்கே சொல்கிறேன். மூடியைத் திறந்த பறங்கிக்காயை வரிசையாக எல்லாரும் முகர்ந்து பார்த்துவிட்டு, ‘நல்ல வாசனை’, ‘கெட்ட நாற்றம்’ என்ற சொற்கள் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். “மழையில் நனைந்த நாய் வெள்ளரிக்காய் தின்றதுபோல” என்று ஒருவன் எழுதினான். அதை மிஞ்சும் வரி எனக்கே வராது.

இரண்டாவது, செய்முறை எழுதுதல். ‘மம்மி செய்வது எப்படி?’ ஒரு பிள்ளையைக் கழிவறைக் காகிதத்தால் சுற்ற வேண்டும், படிப்படியாக எழுதட்டும். எழுதியதை நீங்கள் சொல்லுக்குச் சொல் செய்து காட்டுங்கள். ஒருத்தி முதல் படியாக “காகிதத்தை அவன்மேல் வை” என்று எழுதியிருந்தாள். உருளையை அப்படியே எடுத்து அவன் தலைமேல் வைத்துவிட்டு, அடுத்த படியைக் கேட்டேன். வகுப்பே உருண்டு சிரித்தது. அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்த் திருத்தி எழுதினாள். ‘முதலில்’, ‘பிறகு’, ‘கடைசியாக’ எல்லாம் தானாகவே வந்து சேர்ந்தன.

என் மகன் முகமூடியைக் கண்டாலே அழுகிறான்.

அவனைப் போல ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் உண்டு. ஆசிரியையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பல பள்ளிகளில் முகமூடி, பொம்மை ஆயுதம், இரத்தக் கறை மூன்றுக்கும் தடை இருக்கிறது. கதைப் பாத்திரங்களாக மட்டும் உடுத்தி வரச் சொல்கிற பள்ளிகளும் உண்டு. உடைக்குக் காசு இல்லாத வீட்டுக்கும் அது வசதி, ஒரு தொப்பியும் ஒரு கோலும் போதும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இதையெல்லாம் செய்யலாமா? நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வலிந்து தொடர்பு தேட வேண்டாம். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்றே வந்தது. அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனால் மொழிப் பாடத்துக்கு இங்கே நல்ல தீனி கிடக்கிறது.

இந்தக் காயை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுவரச் சொல்லுங்கள். பறங்கிக்காய், மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்று வரும். கொங்குநாட்டுப் பாட்டி இருக்கும் வீட்டிலிருந்து அரசாணிக்காய் வரும். பெயர்களைத் தமிழ்நாடு, இலங்கை வரைபடத்தில் ஒட்டினால் அரை மணி நேரம் போவதே தெரியாது. ஐரோப்பியரை, முதன்மையாகப் போர்ச்சுக்கீசியரை, நம்மவர்கள் பறங்கியர் என்றார்கள். கடல் தாண்டி வந்த காய் அந்தப் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் வஹாக்கா பகுதிக் குகையில் கிடைத்த விதைகளுக்கு ஏறக்குறைய 10,000 வயது.

இன்னொரு வேடிக்கை: முகம் செதுக்கிய பறங்கிக்காய்க்கு ஆங்கிலத்தில் ‘ஜாக் ஓ லான்டர்ன்’ என்று பெயர். காய்க்கு வருவதற்கு முன் அந்தப் பெயர், சதுப்பு நிலத்தில் இரவில் மினுங்கி மறையும் வெளிச்சத்துக்கு இருந்தது. அதே வெளிச்சத்தைத்தான் நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். கட்டடத்தில் தொங்கும் திருஷ்டிப் பூசணியைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். அரக்க முகம் வரைந்து தொங்கவிடுவதும், ஆயுதபூஜையன்று காசும் குங்குமமும் போட்டு உடைப்பதும் வெண்பூசணி, வேறு காய். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, எது யாரை விரட்ட என்று தமிழில் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் எவ்வளவு செலவாகும்?

காய், நூல், பஞ்சுக் குச்சி, மொச்சை, வினிகர், பலூன் எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் வெளியே போய்ச் சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும். அளந்து, எண்ணி, மிதக்கவிடுவது மட்டும் என்றால் அவசரப்பட்டு அக்டோபரில் வாங்க வேண்டியதே இல்லை. நவம்பர் 1 காலையில் கடைக்குப் போங்கள். முதல் நாள் வரை வாசலில் ராஜாவாக உட்கார்ந்திருந்த காய்கள் அடிமாட்டு விலைக்கு ஓரமாகக் குவிந்து கிடக்கும். நான் எப்போதும் இரண்டு வாங்குவேன். பெரியது வகுப்புக்கு. செதுக்குவதற்கென்று வளர்க்கும் அந்த ரகம் நாரும் தண்ணீருமாக இருக்கும், குழம்புக்கு ஆகாது. பக்கத்துக் கூடையில் தலையளவுக்குச் சின்னதாக, இனிப்பு ரகம் இருக்கும் பாருங்கள், அது சாம்பாருக்கு.